மடியில் கனம் எல்லோருக்கும் உண்டு: சென்னைக் குடியிருப்புச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் செயற்குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

நான் தென்சென்னையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாடகைக்கு இருப்பவள். வாடகைக்கு இருப்பவர்களுக்குப் பெரும்பாலான சங்கங்களில் ஓட்டு கிடையாது, பல இடங்களில் கூட்டத்துக்கு அழைப்பும் கிடையாது. எங்கள் சங்கத்துக்கு மட்டும் எழுதினால் அது ஏதோ ஒரு ஃபைலுக்குள் போய்விடும். கேட்டில் வருவோர் போவோர் விவரத்தையெல்லாம் திரட்டிச் சேர்த்து வைப்பது மடிப்பாக்கத்திலும் முகப்பேரிலும் ஓ.எம்.ஆரிலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது என்பதால் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நம் கேட்டில் சில வருஷங்களுக்கு முன்பு வரை ஒரு நீள நோட்டு இருந்தது. பெயர், வீட்டு எண், வந்த நேரம், கையெழுத்து. பாதிப் பேர் கிறுக்கிவிட்டுப் போவார்கள். நோட்டு மழையில் நனையும், தீர்ந்ததும் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும். இப்போது செக்யூரிட்டி கையில் டேப்லெட் இருக்கிறது. வருபவரின் பெயர், கைபேசி எண், புகைப்படம், வண்டி எண், எந்த வீட்டுக்கு வந்தார், எத்தனை மணிக்குத் திரும்பினார் எல்லாம் அதில் ஏறுகிறது. ஏறியது அழிகிறதா என்று யாருக்கும் தெரியாது. எந்த நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது, எவ்வளவு நாள் இருக்கும், அதை யார் யார் திறந்து பார்க்கலாம் என்று சங்கத்தில் கேட்டால் "அதெல்லாம் ஆப் கம்பெனி பார்த்துக்கொள்ளும்" என்ற பதில்தான் வருகிறது. நோட்டில் ஒருவரைத் தேட வேண்டுமென்றால் கேட்டில் போய் நின்று பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். ஆப்பில் ஒரு வீட்டு எண்ணைத் தட்டினால் போதும், அந்த வீட்டுப் படி ஏறியவர்கள் அத்தனை பேரும் தேதிவாரியாக வந்து நிற்பார்கள். இரண்டையும் ஒன்று என்று நினைத்துக்கொண்டுதான் சங்கங்கள் இதற்குக் கையெழுத்துப் போட்டிருக்கின்றன.

எங்கள் குடியிருப்பில் அடுத்தது வீட்டு வேலைக்கு வருபவர்களுக்கு முகத்தை ஸ்கேன் செய்யும் வருகைப் பதிவு. லிஃப்ட் பக்கத்தில் அறிவிப்பு ஒட்டியாயிற்று. கூடவே, வாடகைதாரர்கள் குடும்பத்தில் ஒவ்வொருவருடைய ஆதார் நகலையும் தர வேண்டும். ஏன் என்று கேட்டேன். "மடியில் கனமில்லை என்றால் வழியில் என்ன பயம்?" என்றார் ஒரு நிர்வாகி. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தண்ணீர் லாரி வராத நாளில் ராத்திரி பதினொரு மணிக்கும் போன் போட்டு அலைகிற மனிதர் அவர். நம்மில் பலர் மனதில் இருப்பதைத்தான் அவர் வாய்விட்டுச் சொன்னார். அதனாலேயே இதற்கு முழுதாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தப் பழமொழியில் மடியில் இருப்பது வழிப்போக்கரின் சொந்தக் காசு. அவர் பயப்படுவது வழியில் மறிப்பவர்களுக்கு. காசு வைத்திருந்தது அவர் செய்த தப்பு என்று பழமொழி சொல்லவில்லை. அப்படி ஒரு கனம் நம் எல்லோர் மடியிலும் இருக்கிறது.

ஒரு வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள் என்று வையுங்கள். மாப்பிள்ளை வீட்டார் ஏழு பேர், பூவும் பழமும் கையில். கேட்டில் பெயர், எண், போட்டோ. அன்று சாயங்காலத்துக்குள் பிளாக் முழுக்கத் தெரிந்துவிடும். அந்தச் சம்பந்தம் கூடிவரவில்லை. மூன்று மாதம் கழித்து இன்னொரு வீட்டார் வருகிறார்கள். அதுவும் தெரியும். அந்தப் பெண் லிஃப்டில் ஏறும்போதெல்லாம் "என்னம்மா, ஏதாவது அமைந்ததா?" என்று ஒரு கேள்வி காத்திருக்கும். அவள் மறைக்க வேண்டிய காரியம் எதுவும் செய்யவில்லை. எப்போது, யாரிடம், எந்த அளவுக்குச் சொல்வது என்பது அவள் கையில் இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

குழந்தைக்காகச் சிகிச்சை எடுக்கும் தம்பதி, தினமும் காலையில் ஊசி போட வரும் நர்ஸ். வேலை போய்விட்டது என்று இன்னும் அப்பாவிடம் சொல்லாத பையன், பகல் பூராவும் வீட்டில் இருப்பது கேட் பதிவில் தெரிகிறது. மனநல மருத்துவரிடம் போகும் அம்மா. காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை சாப்பிடும் பக்கத்து வீட்டுத் தாத்தா. கணவனைப் பிரியலாமா என்று யோசித்துக்கொண்டு வக்கீலை வீட்டுக்கு வரச்சொன்ன பெண். எத்தனை வீடு இருக்கிறதோ அத்தனை கதை. ஒன்றில்கூடக் குற்றம் இல்லை, ஆனாலும் ஊருக்குத் தெரிந்துவிட்டால் அந்த வீட்டில் ஒருவர் கூனிக்குறுகி நடக்க வேண்டியிருக்கும். கூனிக்குறுக வைப்பது அவர் செய்த காரியமா, நம் பார்வையா?

நாம் எல்லோரும் இதை ஒரு முறை சேர்ந்தே பார்த்திருக்கிறோம். 2020-இல் மாநகராட்சி வீட்டுக் கதவுகளில் தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்று அறிவிப்பு ஒட்டியது, சில வீடுகளைத் தகரம் வைத்தே அடைத்தார்கள். காய்ச்சல் வந்ததோ வெளிநாட்டிலிருந்து திரும்பியதோதான் அந்த வீட்டுக்காரர்கள் செய்தது. ஆழ்வார்பேட்டையில் கமல்ஹாசனின் பழைய வீட்டில்கூட அந்தக் காகிதத்தைத் தவறுதலாக ஒட்டிவிட்டு அப்புறம் எடுத்தார்கள். அவர் அறிக்கை விட்டார், செய்தி வந்தது, சரியாகிவிட்டது. பெயர் தெரியாத ஒரு குடும்பத்தின் கதவில் தப்பாக ஒட்டியிருந்தால் அவர்கள் எங்கே போய் அறிக்கை விடுவது? பால்காரர் நின்றுபோனதும், வேலைக்கு வரும் அக்காவைச் சங்கமே தடுத்ததும், குணமான பிறகும் மாதக்கணக்கில் யாரும் படியேறாததும் நம் குடியிருப்புகளிலேயே நடந்தவைதானே. அந்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் தனியாக உத்தரவு இருந்தாலொழிய இப்படி ஒட்டக்கூடாது என்றது. அதற்குள் ஒட்டவேண்டியதெல்லாம் ஒட்டி முடிந்திருந்தது.

அடுத்த விஷயம், தகவல் ஒரு இடத்தில் சேர்ந்துவிட்டால் அது சேர்த்தவர் பேச்சைக் கேட்டுக்கொண்டு அங்கேயே இருக்காது. நம் ஊரிலேயே நடந்தவற்றைச் சொல்கிறேன். 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாள மென்பொருள் தளத்துக்குள் வெளியாட்கள் ஊடுருவினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் மருத்துவ அறிக்கைகளோடு டெலிகிராமில் கேட்டவுடன் கிடைத்துக்கொண்டிருந்தது வெளியே வந்தது, நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான மாணவி துணிந்து புகார் கொடுத்தார். அவர் அடையாளம் தெரியும்படியான முதல் தகவல் அறிக்கை காவல்துறையின் இணையதளத்தில் திறந்து கிடந்து, அங்கிருந்து பரவியது. தொழில்நுட்பக் கோளாறு என்று விளக்கம் வந்தது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதே சட்டப்படி குற்றம். அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எத்தனை லட்சம் கொடுத்தாலும் பரவிய தாளைத் திரும்ப வாங்க முடியுமா?

காவல்துறையிடமும் பெரிய காப்பீட்டு நிறுவனத்திடமும் பாதுகாப்பு நிபுணர்கள் இருக்கிறார்கள். நம் சங்க அலுவலகத்தில் இருப்பது ஒரு கம்ப்யூட்டர், அதன் பாஸ்வேர்டு மானிட்டர் ஓரத்தில் சீட்டில் எழுதி ஒட்டியிருக்கும். அந்த மேஜை டிராயரில்தான் வாடகைதாரர்களின் ஆதார் ஜெராக்ஸ் எல்லாம் கிடக்கிறது. பாஸ்வேர்டு வெளியே போனால் மாற்றிக்கொள்ளலாம். முகத்தை என்ன செய்வது? நம் வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்காவின் முகம் ஒரு முறை களவு போனால் அது அவர் ஆயுசுக்கும் போனதுதான்.

அந்த அக்காக்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தக் கேட் ஏற்பாடுகளில் அதிகம் பார்க்கப்படுபவர்கள் அவர்கள், ஒரு வார்த்தை கேட்கப்படாதவர்களும் அவர்கள்தான். பெரும்பாக்கத்திலிருந்தும் கண்ணகி நகரிலிருந்தும் காலை பஸ் பிடித்து வருகிறார்கள். அந்தக் குடியிருப்புகளில் இருப்பவர்களில் பெரும்பாலோர் நகரத்துக்கு நடுவே கூவம், அடையாற்றங்கரைகளில் இருந்து பெயர்த்து அனுப்பப்பட்ட குடும்பங்கள். உள்ளே நுழையும்போது ஒரு பதிவு, வெளியே போகும்போது பையைத் திறந்து காட்ட வேண்டும். எந்தெந்த வீட்டில் எவ்வளவு நேரம் இருந்தார் என்று ஆப் சொல்லும். சில ஆப்களில் அவருக்கு நாம் நட்சத்திரம் போடலாம், கருத்து எழுதலாம். ஒரு வீட்டம்மா கோபத்தில் மூன்று நட்சத்திரம் போட்டால் அடுத்த வீட்டில் வேலை கிடைக்காது. நமக்கு நட்சத்திரம் போட அவருக்கு வழி இல்லை. சம்பளத்தை இழுத்தடிக்கும் வீடு எது, பாத்ரூம் போகக்கூட விடாத வீடு எது என்று அவருக்குத் தெரியும். அதைப் பதிய எந்த ஆப்பிலும் இடம் கிடையாது.

"அவங்களுக்கு எதுக்குங்க இதெல்லாம், அவங்க கவலைப்படறதே இல்லை" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். கேட்டுப் பார்த்தாரா என்றால் இல்லை. அந்தரங்கம் வசதியானவர்களின் கவலை, ஏழைக்குச் சோறுதான் முக்கியம் என்ற வாதம், அந்தரங்கம் அடிப்படை உரிமையா என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்த வழக்கிலேயே வைக்கப்பட்டது. ஒன்பது நீதிபதிகள் அமர்வில் முதன்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி சந்திரசூட் அதை ஏற்கவே இல்லை. ஏழைக்குச் சிவில் உரிமைகள் வேண்டாம், வயிற்றுப்பாடு போதும் என்ற பேச்சை வரலாற்றில் பெரும் கொடுமைகளுக்குத்தான் பயன்படுத்தினார்கள் என்ற பொருளில் எழுதினார். வேலைக்கு வரும் பெண்ணிடம் நான் கேட்டேன். "போட்டோ எடுக்கட்டும்மா, ஆனா யாருகிட்ட காட்டுறாங்கன்னு மட்டும் தெரியணும்" என்றார். பெரிய பெரிய சட்டப் புத்தகங்கள் சொல்வதும் அதுதான்.

இந்த உரிமையின் கதையில் சென்னைக்கு ஒரு முக்கியமான இடம் உண்டு, நம்மில் பலருக்கு அது தெரியாது. கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர் சிறையில் இருந்தபோது எழுதிய தன்வரலாற்றை நக்கீரன் பத்திரிகை வெளியிட முற்பட்டது. அதில் காவல்துறை, நிர்வாக அதிகாரிகள் சிலருக்கு அவரோடு இருந்த தொடர்பு பேசப்பட்டது. அதை வெளியிடக்கூடாது என்று சிறைத்துறைத் தலைமை அதிகாரி தடுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1994 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. தன் குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு, கல்வி போன்றவற்றில் பிறர் தலையீடில்லாமல் தனித்து விடப்படும் உரிமை குடிமகனுக்கு உண்டு என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. கூடவே, அதிகாரிகள் தங்கள் பதவிக் கடமையில் செய்த காரியங்களுக்கு அந்த உரிமையைக் கேடயமாகப் பிடிக்க முடியாது, பத்திரிகையை முன்கூட்டியே தடுக்கவும் முடியாது என்றது. சாதாரண ஆளுக்கு மறைப்பு, அதிகாரத்தில் இருப்பவருக்கு வெளிச்சம். எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவாக இந்த விஷயத்தை யாரும் சொன்னதில்லை. நம் சங்கங்களில் இது தலைகீழாக இருக்கிறது: வேலைக்கு வருபவர் எத்தனை மணிக்கு எந்த வீட்டில் இருந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும், மெயின்டனன்ஸ் பணம் எங்கே போனது என்று கேட்டால் ஆடிட் முடியவில்லை என்பார்கள். நாட்டிலும் இந்தத் தலைகீழ் ஆரம்பித்துவிட்டது. 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் திருத்தியிருக்கிறது. தனிநபர் விவரம் என்ற ஒரே காரணத்தைச் சொல்லி அதிகாரிகள் பதிலை மறுப்பது அதனால் சுலபமாகிவிட்டது.

முன்பே சொன்ன அந்த ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பு 2017 ஆகஸ்ட் 24 அன்று வந்தது. வழக்குப் போட்டவர் புட்டசாமி, கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர், எண்பது வயதைத் தாண்டிய பிறகு நீதிமன்றம் ஏறினார். அந்தரங்கம் அடிப்படை உரிமையே இல்லை என்று அரசு வாதாடியது. ஒன்பது பேரும் ஒருமித்து அது உரிமைதான், அரசமைப்பின் 21-ஆம் பிரிவில் இருக்கும் உயிருக்கும் சுதந்திரத்துக்கும் உள்ளே அடங்கியதுதான் என்றார்கள். அதில் நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல் எழுதியது நம் கேட்டுக்கே எழுதியது போல இருக்கும்: ஒருவரை நம் வீட்டுக்குள் அனுமதித்தோம் என்பதால் மற்றவர்களும் உள்ளே வரலாம் என்று ஆகிவிடாது. கேட்டில் பெயர் சொல்பவர் அந்த வீட்டுக்காரருக்காகத்தான் சொல்கிறார். சங்கத்துக்கும், ஆப் நிறுவனத்துக்கும், அதன் விளம்பரதாரருக்கும் சேர்த்துச் சொல்லவில்லை.

சரி, பாதுகாப்பு வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். 2018-இல் அயனாவரத்தில் ஓர் அடுக்குமாடி வளாகத்தில், செவித்திறன் குறைந்த 11 வயதுச் சிறுமிக்கு நடந்த கொடுமையை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. அதற்குப் பிறகுதான் பல சங்கங்கள் கேட்டை இறுக்கின. அந்தப் பதற்றம் நியாயமானது. 2020 பிப்ரவரியில், குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களை விசாரிக்கும் போக்சோ நீதிமன்றம் 15 பேரைக் குற்றவாளிகள் என்றது. அவர்கள் கேட்டில் பெயர் எழுதிவிட்டு வந்த விருந்தாளிகள் கிடையாது, அந்த வளாகத்திலேயே லிஃப்ட், காவல், குழாய் வேலை என்று இருந்தவர்கள். அந்தக் குழந்தைக்குத் தேவைப்பட்டது, வேலைக்கு எடுக்கும் முன்பே ஆளைச் சரிபார்ப்பதும், மாடியிலும் அடித்தளத்திலும் பெரியவர்கள் கண் வைப்பதும், அவள் சொன்னதைக் கேட்க ஓர் ஆள் இருப்பதும். என் தோழியின் கைபேசி எண்ணும், என் வீட்டுக்கு வந்த பார்சலின் நேரமும் ஒரு சர்வரில் இருந்து எந்தக் குழந்தையையும் காப்பாற்றாது. வேலைக்கு எடுக்கும்போது ஒரு முறை காவல்துறை சரிபார்ப்பு செய்வதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவர் முகத்தையும் பதிந்து வைப்பது வேறு காரியம். கேட்டிலும் வண்டி நிறுத்துமிடத்திலும் கேமரா இருப்பதில் எனக்குச் சண்டை இல்லை. செயின் பறிப்பில் ஆளைப் பிடிக்க அது உதவியிருக்கிறது.

கேமராவை யார் பார்க்கிறார்கள் என்பதில்தான் சண்டை. 2018 டிசம்பரில் ஆதம்பாக்கத்தில் பெண்கள் விடுதியில் ரகசியக் கேமராக்கள் பிடிபட்டன. வைத்தவர் விடுதியை நடத்தியவரே. வாடகை கொடுத்துத் தங்கியிருந்த, வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்த அந்தப் பெண்களைப் பார்த்து "உங்களுக்கு மறைக்க என்ன இருக்கிறது?" என்று கேட்க யாருக்காவது மனசு வருமா? நம் குடியிருப்புகளில் அவ்வளவு கொடூரம் இல்லைதான். ஆனால் மொட்டை மாடிக் கேமராவில் வகுப்புத் தோழனோடு பேசிக்கொண்டிருந்த பள்ளி மாணவியின் படத்தை எடுத்து வாட்ஸ்ஆப் குரூப்பில் "இது எந்த வீட்டுப் பெண்?" என்று போடுகிறோம். அவள் அம்மாவும் அந்தக் குரூப்பில்தான் இருக்கிறார். வழி தெரியாமல் தப்பான பிளாக்குக்குப் போன டெலிவரி தம்பியின் முகத்தைச் "சந்தேகத்துக்குரிய நபர்" என்று போடுகிறோம். யார் வீட்டுக்கு வெள்ளிக்கிழமை பிரியாணி வந்தது என்று தெரிந்துகொண்டு வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்த ஹவுஸ் ஓனர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அசைவம் சமைப்பவருக்கு வீடில்லை, குறிப்பிட்ட மதத்தவருக்கு வீடில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லும் நகரம் இது. இங்கே ஒரு வீட்டுக்கு என்ன வருகிறது, யார் வருகிறார்கள் என்ற பட்டியலை அலட்சியமாக வைத்திருக்க முடியாது.

இன்னும் ஒன்று, இதைச் சொல்லாமல் விட எனக்கு மனசில்லை. சாதி மாறித் திருமணம் செய்துகொண்டு ஊரிலிருந்து சென்னைக்கு வந்து வாடகை வீட்டில் இருக்கும் பிள்ளைகள் நம் எல்லாக் குடியிருப்புகளிலும் இருக்கிறார்கள். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே அப்படித் திருமணம் செய்துகொண்ட சங்கரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள், அவர் மனைவி கௌசல்யா உயிர் பிழைத்தார். அந்தக் கேமராப் பதிவை நாம் எல்லோரும் பார்த்தோம். சிறப்புத் திருமணச் சட்டத்தில் மனு கொடுத்தால் பெயரும் முகவரியும் பதிவு அலுவலகத்தில் 30 நாள் பார்வைக்கு இருக்கும், அதற்குப் பயந்தே பலர் அந்த வழிக்குப் போவதில்லை. அப்படித் தப்பி வந்த ஒரு பெண்ணைத் தேடி அவள் மாமாவோ சித்தப்பாவோ நம் கேட்டில் நின்று, செக்யூரிட்டிக்கு இருநூறு ரூபாய் நீட்டி, "இந்தப் பெயரில் யாராவது இருக்காங்களா பாருப்பா" என்று கேட்டால் அந்த டேப்லெட் என்ன பதில் சொல்லும் என்று நீங்கள் யோசித்திருக்கிறீர்களா? அந்தப் பெண் மறைக்கிறாள். மறைப்பதால்தான் உயிரோடு இருக்கிறாள். நமக்கு மறைக்க ஒன்றுமில்லை என்று நாம் தாராளமாகத் திறந்துவிடும் கதவு அவள் கதவும்தான்.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நகர்ந்துகொண்டிருக்கிறது. 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தொலைபேசி ஒட்டுக்கேட்பு உத்தரவை ரத்து செய்தது. அது லஞ்சப் புகார் தொடர்பானது, போட்டது உள்துறை அமைச்சகம். குற்றத்தைக் கண்டுபிடிக்க உதவும் என்பது மட்டும் போதாது, பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்போ என்று சட்டம் சொல்லும் காரணம் இருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். மத்திய அரசுக்கே அந்தக் கட்டுப்பாடு இருக்கும்போது நம் சங்கத்துக்கு அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் போதும் என்று இருக்க முடியாது. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. பெரும்பாலான கடமைகள் அதிலிருந்து 18 மாதத்தில் அமலுக்கு வரும். டிஜிட்டலாகத் தகவல் திரட்டும் யாரும், எதற்காக என்று தெளிவாகச் சொல்லி, மனமொத்த சம்மதம் வாங்கி, அந்தக் காரியத்துக்குத் தேவையானதை மட்டும் எடுக்க வேண்டும். அந்த அறிவிப்பைத் தமிழில் கேட்டால் தமிழில் தர வேண்டும். சம்மதத்தைக் கொடுத்த அளவு சுலபமாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் தேவை. சொந்த வீட்டு உபயோகத்துக்கு ஒருவர் வைத்திருப்பதற்குத்தான் விலக்கு, சங்கம் வைத்திருப்பதற்கு இல்லை. ஆதார் விஷயத்தில், தனியார் அதைக் கேட்டுப் பயன்படுத்த ஆதார் சட்டத்தின் 57-ஆம் பிரிவு கொடுத்த இடத்தை 2018 செப்டம்பரிலேயே உச்ச நீதிமன்றம் அடித்துவிட்டது.

அதனால் உங்களிடம் கேட்பது இவை. ஆதார் நகல் வாங்குவதை நிறுத்துங்கள், ஏற்கெனவே டிராயரில் கிடப்பவற்றை அவரவரிடம் திருப்பிக் கொடுங்கள். அடையாளம் கண்டிப்பாக வேண்டுமென்றால் கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு விடலாம், நகல் எடுக்க வேண்டாம். விருந்தாளி வந்தால் இன்டர்காமில் வீட்டுக்கு ஒரு போன், அவர்கள் சரி என்றால் உள்ளே விடுங்கள், அவர் கைபேசி எண் உங்களுக்கு எதற்கு? ஆப் நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள், பதிவுகளை 30 நாளில் அழிக்கச் சொல்லி எழுதி வாங்குங்கள். கேமராப் பதிவைத் திறக்கும் உரிமை இரண்டு பேருக்கு மேல் வேண்டாம், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும், யார் எப்போது எதற்குத் திறந்தார் என்று ஒரு பதிவேடு இருக்கட்டும். கேமராப் படம் காவல்துறைக்குப் போகலாம், வாட்ஸ்ஆப்புக்குப் போகக்கூடாது. வேலைக்கு வருபவர்களின் முகப்பதிவை நிறுத்திவையுங்கள், அவர்களையும் உட்கார வைத்து அவர்கள் மொழியில் பேசுங்கள், நட்சத்திரம் போடும் வசதியை எடுத்துவிடுங்கள். இப்படி எதையும் முடிவு செய்யும் கூட்டத்தில் வாடகைதாரர்களையும் பேச விடுங்கள்.

இதற்கெல்லாம் பெரிய செலவு இல்லை, சிலவற்றில் செலவு குறையும். எங்கள் குடியிருப்பில் பொதுக்குழு அடுத்த மாதம். முகப்பதிவுக்கான டெண்டர் அதற்கு முன்பே முடிந்துவிடும் என்று கேள்விப்பட்டேன். பொதுக்குழு வரை அதைத் தள்ளிவைக்கும்படி எழுத்தில் கேட்டிருக்கிறேன், எங்கள் தளத்தில் ஒன்பது வீட்டார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அதில் நாலு பேர் சொந்த வீட்டுக்காரர்கள். உங்கள் குடியிருப்பில் இதே வேலை நடந்துகொண்டிருந்தால், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பு உங்கள் செக்யூரிட்டியிடமும் வேலைக்கு வருபவர்களிடமும் ஒரு முறை கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாடகைதாரர், தென்சென்னை